நாளுக்கு ஓர் உண்மை

போடிநாயக்கனூரில் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கிற முக்கில் ஓர் உரக்கடை உண்டு. கடை திறக்க நெடுநேரம் இருக்கும்போதே அதன் படியில் ஒரு பெண் வந்து உட்காருவாள். மடியில் தூக்குவாளி, அதன்மேல் மழைக்கு மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். வலது கையை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வயிறு மெல்ல எழும், மெல்ல இறங்கும். அவளோடு அதே ஜீப்பில் போகிற பெண்கள் அந்தப் படிக்குக் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். முன் சீட்டை அவளுக்கென்று விட்டுவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் மரியாதை என்று நினைப்பார்கள். மரியாதையும் அதில் இருக்கிறது.

அவள் பெயர் கற்பகம். தேவாரம் பக்கத்தில் பிறந்து போடியில் வாழ்க்கைப்பட்டவள். போடிமெட்டுக்கு அந்தப்புறம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். செடியின் அடியில் குந்தி, தரையோடு படர்ந்த சரங்களில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்கிற வேலை. அட்டைக் கடியும் இடுப்பு வலியும் எல்லோருக்கும் உள்ளதுதான். அவற்றால் அவள் படுத்ததில்லை. அவளைப் படுக்க வைத்தது பயம்.

எதைப் பற்றிய பயம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. கை விரல் மரத்தது. இதோ செத்துவிடுவேன் என்று தோன்றியது. சாகவில்லை. மறுநாளும் அதே வளைவில் அதே சாவு வந்தது. பிறகு வீட்டிலேயே வந்தது, சோறு வடிக்கும்போது, குழாயடியில் நிற்கும்போது. அந்தப் பறிப்புக் காலம் முழுவதும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். கணவன் ஈஸ்வரன் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கப் போகிறவன். அவனுக்கு மாதத்தில் பாதி நாள் வேலை இருக்காது. அவள் கூலி நின்றதும் வீடு நின்றது. புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டு வைக்கிற இடம் தெற்கே இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம் என்று அவன் அண்ணன்மார் பேசினார்கள். ஈஸ்வரன் மறுக்கவில்லை. வண்டிக்கு யாரைப் பிடிப்பது என்பதுதான் அவன் கேட்ட ஒரே கேள்வி.

அதைத் தடுத்தவள் மாயக்காள். பக்கத்துத் தெரு. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். ஜீப்பில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பது அவள் வாயில் இருந்தது. அந்த வாய் நல்ல வாய் அல்ல. ஆனால் அன்றைக்கு அவள்தான் வந்து கற்பகத்தின் முடியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏண்டி, எந்திரி. கட்டிப்போடுறதுக்கு நீ என்ன காளைக் கன்னா? தேனியில பெரியாசுபத்திரியில இதுக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காம். போய்ப் பார்ப்போம். சரியாகலைன்னா நானே கயிறு வாங்கித் தர்றேன்."

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு மூன்று காரியங்களையும் சொன்னார். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து ஜீப் நிற்கும் இடம் வரை நடந்தே போக வேண்டும். ஜீப்பில் ஏறுமுன் வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் மெல்ல மூச்சு விட வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் உண்மையை, மனசில் உள்ளது உள்ளபடி, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கும்போதும் விடக்கூடாது. பல் வெளக்குற மாதிரின்னு வச்சுக்கங்க," என்றார்.

முதலிரண்டும் சுலபமாக வரவில்லை. நடக்கப் புறப்பட்டுப் பாதியில் திரும்பினாள். மூச்சைக் கவனித்தால் அதுவே பயமாக இருந்தது. மூன்றாவதுதான் முதலில் கைகூடியது. ஜீப்பின் பின்பக்கத்தில் மாயக்காளின் தோளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் காதில் மட்டும் விழும்படி சொல்லுவாள்.

"அக்கா, இன்னைக்கி செத்துப்போனா தேவலைன்னு தோணுச்சு."

"சாயங்காலம் வரைக்கும் தள்ளிப்போடு. காய் முத்திக் கெடக்கு, ஆளு பத்தாது."

இன்னொரு நாள்: "அக்கா, எம் புருசனப் பார்த்தா அருவருப்பா வருது."

"இதுக்குப் போயி தேனி வரைக்கும் பஸ்சு ஏறுனோமா? எனக்கும் உன் புருசனப் பார்த்தா அப்படித்தான் வருது."

கற்பகம் சிரித்தாள். அந்தக் காலத்தில் அவள் சிரித்தது அந்த மலை வளைவுகளுக்குள் மட்டும்தான். பயங்கரமான வளைவு வரும்போது மாயக்காள் பேச்சை நிறுத்தாமலே அவள் கையைப் பிடித்து நெரிப்பாள். காய் பறித்துக் காய்ப்பேறிய கை. வலிக்கும். வலி பயத்தைவிடப் பரவாயில்லை. அடுத்த பறிப்புக் காலத்தில் நடையும் மூச்சும் படிந்துவிட்டன. உரக்கடைப் படியில் அந்தக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் நாள் தாங்கும். உட்காராத நாள் தாங்காது. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. உட்கார முடிகிற வரைக்கும் ஜீப், ஜீப் இருக்கிற வரைக்கும் கூலி. கூலி நின்றால் ஈஸ்வரன் மறுபடி வண்டிக்கு ஆள் தேடுவான்.

மாயக்காளிடமும் ஓர் உண்மை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரியும். அவள் மகன் அருண்பாண்டி வேலைக்குப் போகாமல் சுற்றுகிறான் என்று ஒருநாள் ஜீப் முக்கில் அத்தனை பேர் முன்னால் அவனைச் செருப்பால் அடித்தாள். அன்று போனவன் திரும்பவில்லை. அவன் போன் அணைந்தே கிடந்தது. அந்த நம்பர் வேறு யாருக்கும் போய்விடக்கூடாது என்று அவள் மாதா மாதம் கடையில் கொடுத்து அதற்கு ரீசார்ஜ் செய்துவந்தாள். "என்னைக்காச்சும் போட்டான்னா, பழைய நம்பர்லதானே போடுவான்," என்று ஒரே ஒரு முறை கற்பகத்திடம் சொல்லியிருக்கிறாள்.

இனி, ஊர் அவளைத் தவறாகப் புரிந்துகொண்ட கதை. போடியைத் தவிர வேறெங்கும் அது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

கற்பகத்தின் அப்பா கன்னையன் ஒரு கோடாங்கி. உடுக்கை அடித்துக் குறி சொல்லுகிறவர். சின்ன வயதில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். குறி கேட்க வருகிறவன் வீட்டு விவரத்தை அப்பா முதலில் டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். அவரை வெறும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. தான் சொல்வதை அவரே பாதி நம்பினார். பாதி நம்புகிறவனின் பொய்தான் ஊரில் அதிக நாள் நிற்கிறது. கோடாங்கி மகள் என்பது போடியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த மகள்தான் இப்போது விடியலில், கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, நெஞ்சு ஏறி இறங்க உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் கேலிதான் செய்தார்கள். மருதாயி என்றொருத்தி, வாயாடி. ஒரு நாள் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது. ஜீப் போகுமா போகாதா என்று எல்லோரும் நின்றிருந்தபோது படியின் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ஆத்தா கோடாங்கி மகளே, இன்னைக்கி ரோடு தொறக்குமா?"

கண்ணைத் திறக்காமலே கற்பகம், "தொறக்காது," என்றாள். ஜீப் ஓட்டுகிற யோகராஜ் படிக்குப் பின்னால் நின்று மெட்டுச் சோதனைச்சாவடிக்காரர்களோடு போனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. அவ்வளவுதான். சற்று நேரத்தில் அவனே வந்து, "இன்னைக்கி இல்ல, வீட்டுக்குப் போங்க," என்றதும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து மருதாயி கேலி இல்லாமல் கேட்டாள். மருமகளுக்கு என்ன பிள்ளை? ஆளை விரட்டுவதற்காகக் கற்பகம், "பொண்ணு," என்றாள். பெண்ணே பிறந்தது.

அதன்பின் அந்தப் படி அவளுடையதாக இல்லை. அவள் வந்து கண்ணை மூடுமுன்பே காத்திருந்தார்கள். வேப்பிலை வைத்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூச்சை உள்ளே இழுத்தால், "வருது, வருது," என்று ஒருத்தி முணுமுணுப்பாள். அப்புறம் எந்த மூச்சு நிதானமாக வரும்?

"இது சாமி இல்லடி. டாக்டரம்மா சொல்லிக்குடுத்தது. மூச்சுப் பயிற்சி," என்றாள்.

"அவுங்க அப்பனும் இப்படித்தான், எனக்கு ஒண்ணும் தெரியாதும்பாராம்," என்றாள் மருதாயி, பக்தியோடு.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். வாசலுக்கு வந்தார்கள். ஈஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் அவனிடம் யாரும் காசு வாங்குவதில்லை.

"ஏ கழுத, சும்மா உக்காந்து மூச்சு விட்டதுக்கே இம்புட்டு மருவாதின்னா, வாயத் தொறந்து நாலு வார்த்த சொன்னா என்னடி கொறஞ்சா போயிருவ? உங்கப்பன் சேத்து வச்ச சொத்து அது ஒண்ணுதான்."

இதையெல்லாம் அவள் தாங்கியிருப்பாள். மாயக்காளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எல்லோருக்கும் பின்னால் நின்றாள். பிறகு ஒரு நாள் முன்னால் வந்தாள். குரல் வேறாக இருந்தது.

"எம்புள்ள எப்ப வருவான்?"

"அக்கா, நீதானே என்னைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போன? உனக்குமா தெரியாது?"

"தெரியும். டாக்டரம்மா மூச்சத்தான் சொல்லிக்குடுத்தாங்க. மூச்சுல யாரு வந்து உக்காருவாங்கன்னு அவுங்களுக்கு என்ன தெரியும்?"

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். கற்பகம் ஒவ்வொரு முறையும் தெரியாது என்றாள்.

மூச்சுப் பயிற்சி தடைப்பட்ட சில வாரங்களில் அவள் பயந்தது நடந்தது. ஜீப் வளைவில் திரும்பும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் மரத்தது. வாயால் காற்றை வாரி வாரி இழுத்தாள். கொண்டை அவிழ்ந்தது.

"யோகராஜண்ணே, நிறுத்துங்க. எறக்கி விடுங்க. செத்துருவேன் போல இருக்கு."

பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சின்ன ஜீப்புக்குள் பதினைந்து தொண்டையிலிருந்து கிளம்பிய குலவை. யோகராஜ் வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருகிவிட்டு, செருப்பைக் கழற்றினான். கற்பகம் பக்கத்தில் இருந்தவளைத் தேடித் துழாவினாள்.

"அக்கா, கையப் புடி. கையப் புடிக்கா."

மாயக்காள் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லு ஆத்தா. இப்பவாச்சும் சொல்லு. எம்புள்ள எப்ப வருவான்?"

ஒருவருக்கு அருள் என்று பட்டது இன்னொருவருக்குச் சாவாக இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடந்தன. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கற்பகம் சாகாமல் மலை ஏறி, காயும் எடுத்தாள். ஆனால் அன்று செடிக்கடியில் குந்தியிருந்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

அவள் அப்பாவுக்கு ஒரு தொழில் தந்திரம் இருந்தது. ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "ஒரு கெட்ட வாக்கக் குடுத்துட்டா அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டாங்க," என்று வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே அம்மாவிடம் சொல்லுவார். நல்ல வாக்கு ஆளைத் திரும்பக் கூட்டிவரும், கெட்ட வாக்குத்தான் வாசலைச் சாத்தும். அந்தப் பையைத் தூக்கிய காலத்தில் கற்பகம் அவரிடம் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. மறுபடி தேனிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். குரங்கணிப் பக்கம் போகிற வேறு ஜீப்புக்கு மாறியிருக்கலாம். மருதாயியிடம் ஏதாவது கெட்ட வாக்குச் சொல்லியிருக்கலாம், பரிகாரத்துக்கு அவளுக்கு ஓர் ஆடு செலவாகியிருக்கும், அவ்வளவுதான். கற்பகம் இவற்றை யோசித்தாள், பல நாள் யோசித்தாள். கூட்டத்தை ஒரே அடியில் கலைக்க வேண்டுமென்றால் கூட்டத்தின் தலையில்தான் அடிக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. மாயக்காளின் தலையில் எந்த இடம் மெத்தென்று இருக்கும் என்பது அவளைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு காலையில் படிக்கு வந்தாள். மாயக்காள் வந்து கேட்டாள். கற்பகம் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தாள்.

"வரமாட்டான். அவன் இருக்கற எடத்துலருந்து யாரும் திரும்பி வர்றதில்ல. இனிக் கேக்காத."

மாயக்காள் அழவில்லை. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, ஜீப்பில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தாள். தலைக்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்த மருதாயி, "அடியாத்தீ," என்றாள். அதற்குப்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் படியில் வேப்பிலை இல்லை. கற்பகம் உட்கார்ந்தாள், வயிற்றில் கை வைத்தாள். மூச்சு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு ஒழுங்காக, உள்ளேயும் வெளியேயும், வந்தது. அந்த முதல் நாள் மூச்சில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்ததைப் பிறகு அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதை மறைத்து எழுதினால் அவளைப் பற்றிய இந்த எழுத்துக்கு வேலையில்லை.

மாயக்காள் வேலைக்கு வரவில்லை. அடுப்பு மூட்டவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்றார்கள். கற்பகத்துக்குச் சுவர் என்றதும் உறைத்தது. போனாள். மாயக்காள் எழுந்து பாயை விலக்கி அவளுக்கு இடம் விட்டாள். சுவரில் அருண்பாண்டியின் படம். அதற்குப் பொட்டு வைத்திருந்தது.

"அக்கா, நான் சொன்னது பொய். சாமியும் இல்ல, பூதமும் இல்ல. நீங்க எல்லாரும் என்னையப் போட்டுப் பாடாப் படுத்துனீங்க. அதுக்காக நானாச் சொன்னேன். அருணு எங்கேயோ நல்லா இருப்பான்."

மாயக்காள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்ல வாக்குச் சொல்லியிருந்தீன்னா, ஆறுதலுக்குச் சொல்றான்னு நானே சந்தேகப்பட்டிருப்பேன். இப்படி ஒரு வாக்க யாரு ஆத்தா பொய்யாச் சொல்லுவா? அதும் என்கிட்ட? அதும் நீ?"

"நாந்தாங்க்கா சொன்னேன். எனக்கு மூச்சு விடணும், அதுக்காகச் சொன்னேன்."

"எம்மேல எரக்கப்பட்டு இப்ப மாத்திச் சொல்ற. போ ஆத்தா. வெரசாப் போ, ஜீப்பு கெளம்பிரும்."

மாயக்காள் முன்பெல்லாம் அவளை ஏண்டி என்றும் கழுதை என்றும்தான் கூப்பிடுவாள். ஆத்தா என்று கூப்பிட்ட பிறகு அந்த வீட்டில் கற்பகத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தேனிக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்து மூச்சு விடச் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் உங்களுக்கு," என்றாள் மாயக்காள்.

திரும்பி வரும் வழியில்தான் போன் நம்பர் ஞாபகம் வந்தது. ரீசார்ஜ் கடையில் கேட்டாள். அந்த அம்மா இப்போதெல்லாம் வருவதில்லை, செத்தவனுக்கு எதற்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது என்றான் கடைக்காரன். தானே போடுகிறேன் என்று கற்பகம் சொன்னாள். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, நம்பர் காலாவதியாகிவிட்டது, ரீசார்ஜ் போகவில்லை என்றான். பருவம் ஒன்று கழிந்து மறுபடி அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தபோது மணி அடித்தது. எடுத்தது மலையாளம் பேசுகிற ஒரு பெண்.

"ஆரா?"

அருண்பாண்டியின் சிம் மெட்டுக்கு அந்தப்புறம், கேரளத்தில் வாங்கியது. இப்போது அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. கற்பகம் போனை வைத்தாள். அருண்பாண்டி உயிரோடிருந்து, என்றைக்காவது பழைய சிம்மைப் போட்டுப் பார்த்தால், அது செத்துக்கிடக்கும். அம்மா காத்திருந்த ஒரே நம்பர் அது. அவன் வந்தானா, இருக்கிறானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பசி மாயக்காளை மறுபடி ஜீப்புக்குக் கொண்டுவந்தது. ஆள் சேர்க்கிற வேலை மருதாயி கைக்குப் போயிருந்தது. மாயக்காளுக்குப் பின்பக்கத்தில் கம்பியோரம் ஓர் இடம் கொடுத்தார்கள். பாதி உடம்பு வெளியே தொங்கும்.

தேனியில் டாக்டரம்மா கற்பகத்தைப் பார்த்து மகிழ்ந்தார்.

"நடக்கிறீங்களா?"

"நடக்கறேம்மா."

"மூச்சு?"

"நாள் தவறாம."

"தினம் ஒரு உண்மை? யார்கிட்டயாவது சொல்றீங்களா?"

"சொல்றேம்மா. அதே அக்காகிட்டதான்."

மாத்திரையைக் குறைத்து எழுதினார். இத்தனை ஒழுங்காகச் செய்கிறவர்களைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்றார்.

கற்பகம் பொய் சொல்லவில்லை. படியில் மூச்சு முடிந்ததும் எழுந்து, முன் சீட்டுக்குப் போகுமுன் ஜீப்பின் பின்பக்கம் போவாள். கம்பியைப் பிடித்து நிற்கிற மாயக்காளின் பக்கத்தில் நின்று, அவள் காதில் மட்டும் விழும்படி சொல்லுவாள்.

"அக்கா, அன்னைக்கி நான் சொன்னது பொய்."

மாயக்காள் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். சில நாள் கற்பகத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். யோகராஜ் ஹாரன் அடிப்பான். கற்பகம் போய் முன்னால் ஏறுவாள். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி வளைவுகள் தொடங்கும். இப்போது அவளுக்குப் பயம் வருவதில்லை.